முடிவு தெரிந்த பிறகும் நிற்கிற கதை

மர்ம நாவல் ஒன்றைப் படித்து முடித்ததும் நான் புத்தகத்தை மூடிவைப்பதில்லை. நேரே முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போகிறேன். கொலையாளி யார், எதற்காகச் செய்தான், எப்படித் தப்பப் பார்த்தான் என்பதெல்லாம் தெரிந்த கண்ணோடு அந்தத் தொடக்கப் பக்கங்களைப் படித்தால் எழுத்தாளரின் யோக்கியதை தெரிந்துவிடும். நல்ல நாவலில் அந்தப் பக்கங்கள் இரண்டாம் முறை இன்னும் சுவை கூடியிருக்கும். எல்லாவற்றையும் கண்ணெதிரே பரப்பி வைத்திருக்கிறாரே, எப்படிக் கவனிக்காமல் போனோம் என்று சிரிப்பு வரும். மோசமான நாவலில் எரிச்சல் வரும். சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் மட்டும் வாயைத் திறந்திருப்பார்.

மர்மம், த்ரில்லர், காதல் மூன்றுமே ஒளித்துவைப்பதை நம்பிப் பிழைக்கிற கதைகள். மர்ம நாவலில் குற்றவாளி துப்பறிகிறவரிடமிருந்து ஒளிக்கிறான். இப்போது வருகிற த்ரில்லர்கள் பலவற்றில் கதையைச் சொல்கிறவரே வாசகரிடமிருந்து ஒளிக்கிறார். காதல் நாவலில் காதலர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிக்கிறார்கள். வாசகருக்கு மட்டும் எல்லாம் தெரியும். அப்படி ஒளிப்பதற்கு அந்தப் பாத்திரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறதா, இல்லை எழுத்தாளருக்குப் பக்கத்தை நிரப்ப வேண்டியிருக்கிறதா? சில ஆண்டுகளாகப் படித்துவரும் ஆங்கில நாவல்களை நான் தரம் பிரிப்பது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

அலெக்ஸ் மைக்கேலிடீஸ் எழுதி 2019இல் வந்த 'தி சைலன்ட் பேஷன்ட்' நாவலை எடுத்துக்கொள்வோம். என்னிடம் மர்ம நாவல் பரிந்துரை கேட்கிறவர்களில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். லண்டனில் அலிசியா பெரன்சன் என்கிற ஓவியர் தன் கணவனை ஐந்து முறை சுட்டுக் கொல்கிறாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசுவதில்லை. தியோ ஃபேபர் என்கிற மனநல சிகிச்சையாளர் அவளைப் பேசவைத்தே தீருவேன் என்று அவள் இருக்கும் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்கிறார். இந்த முடிச்சுக்கே பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம். முடித்துவிட்டு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பியபோது எழுத்தாளர் என்னை ஏமாற்றியதாகத் தோன்றவில்லை. கதை கட்டிய விதம் கச்சிதம்.

ஆனால் மனிதர்கள்? அலிசியாவின் நாட்குறிப்பு நடுநடுவே வருகிறது. அதில் ஒவ்வொருவரும் பேசியது வரிக்கு வரி மேற்கோள் குறியோடு இருக்கிறது. நாட்குறிப்பை யார் அப்படி எழுதுவார்கள்? மனம் கலங்கிப்போன ஒரு பெண் எழுதுகிற குறிப்பில் பாதி வாக்கியங்கள் தொங்கிக்கொண்டிருக்காதா? சிகிச்சையாளரோ போலீஸ்காரரைப்போல நோயாளியின் உறவினர் வீடுகளுக்கும், அவளுடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைப்பவரிடத்துக்கும் போய் விசாரணை நடத்துகிறார். திருப்பம் தெரிவதற்கு முன்னால் இதெல்லாம் கண்ணில் படாது. தெரிந்தபின் இது மட்டும்தான் படும். ஒருமுறை படிக்கலாம், கடன் வாங்கிப் படிக்கலாம் என்று சொல்லிவிடுவேன்.

வாசகரை ஏமாற்றுவதில் எது நியாயம், எது அநியாயம் என்கிற பஞ்சாயத்து புதிதல்ல. ரொனால்ட் நாக்ஸ் என்கிற ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். துப்பறிகிறவருக்குக் கிடைக்கும் தடயம் அப்போதே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பது ஒன்று. துப்பறிகிறவருக்கு ஒரு மந்தத் தோழன் இருப்பானே, அவன் தன் மனத்தில் ஓடுவது எதையும் மறைக்கக் கூடாது. அவன் அறிவு சராசரி வாசகரின் அறிவைவிடக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், குறைவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. பாதிரியாருக்குக் குறும்பு அதிகம். அவர் எழுதுவதற்கு முன்பே ஒரு பெரிய எழுத்தாளர் இவற்றில் ஒரு கட்டளையை உடைத்துப் பெயரும் வாங்கிவிட்டார். எந்த நாவல் என்று சொன்னால் அதைப் படிக்காதவர்களுக்குத் துரோகம் செய்ததாகும்.

இந்தத் துரோகம் இப்போது அன்றாடம் நடக்கிறது. "கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது, தூக்கிவாரிப் போடும்" என்று அட்டையிலேயே அச்சிடுகிறார்கள். திருப்பம் இருக்கிறது என்று சொல்லிவிட்டாலே பாதியை உடைத்தாயிற்று. அதன்பிறகு வாசகர் கதையைப் படிப்பதில்லை, எழுத்தாளரை உளவு பார்க்கிறார். அதனால் பின்னட்டையை நான் படிப்பதே இல்லை. மின்நூல் கடைகளில் முதல் சில அத்தியாயங்களை இலவசமாகப் படிக்கக் கொடுக்கிறார்கள். அதை மட்டும் படித்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன். பிறருக்குப் பரிந்துரைக்கும்போதும் முதல் முப்பது நாற்பது பக்கங்களில் நடப்பதைத் தாண்டி முடிந்தவரை வாய் திறப்பதில்லை. இங்கேயும் அப்படித்தான். காதல் கதைகளுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு.

எங்கள் ஊர் வாடகை நூலகத்தில் இதைவிட மோசம். மாத நாவலின் முதல் பக்கத்திலேயே கொலைகாரனின் பெயரைப் பென்சிலால் எழுதி வட்டம் போட்டிருப்பார் ஒரு புண்ணியவான். கடைசித் தாள் கிழிந்துபோன பிரதிகளும் உண்டு. அதை ஏற்கெனவே படித்த யாராவது பக்கத்துத் தெரு அக்காவைப் பிடித்து முடிவைக் கேட்க வேண்டும். அக்காவோ வேறொரு கதையின் முடிவைச் சொல்லிவிடுவார்.

அந்த அவஸ்தையையே முதலாக வைத்து ஒரு முழு நாவலை எழுதிவிட்டார் ஆண்டனி ஹோரோவிட்ஸ். 2016இல் வந்த 'மேக்பை மர்டர்ஸ்' நாவலில் சூசன் ரைலண்ட் என்கிற பதிப்பாசிரியர் ஒரு துப்பறியும் நாவலின் கைப்பிரதியைப் படிக்கிறார். நாமும் கூடவே படிக்கிறோம். பழைய ஆங்கிலக் கிராமம், மாளிகை, இறந்துபோன வேலைக்காரி, வெளிநாட்டிலிருந்து வந்த துப்பறிவாளர் என்று எல்லாம் முறைப்படி நடந்து, முடிச்சு அவிழும் நேரத்தில் கைப்பிரதி நின்றுவிடுகிறது. கடைசி அத்தியாயத்தைக் காணவில்லை. எழுதியவரும் இறந்துவிட்டார். ஒரு நாவலுக்குள் இன்னொரு நாவல், இரண்டு கொலைக்கும் இரண்டு விடை. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகிற என் பழக்கத்துக்கு இதைப்போல் தீனி போட்ட புத்தகம் வேறில்லை. உள்ளே இருக்கும் நாவல் வெளியே இருக்கும் நாவலைவிட நன்றாக இருக்கிறது என்பதுதான் என் ஒரே குறை. சூசன் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலைகிற பக்கங்களில், அந்தக் கிராமத்துக்கு எப்போது திரும்பிப் போவோம் என்று இருந்தது.

பெயர்கள் நிறைய வருகிற நாவல்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பக்க அடையாளமாக ஓர் அஞ்சலட்டை அளவுத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புதிய ஆளும் வரும்போது பெயர், உறவு, கடைசியாக எங்கே எப்போது காணப்பட்டார் என்று ஒரு வரி எழுதுங்கள். முக்கால்வாசி தாண்டியதும் அதே தாளின் பின்புறத்தில் உங்கள் ஊகத்தை எழுதிவிடுங்கள். எழுதிவைக்காவிட்டால் முடிவு தெரிந்தபிறகு எல்லோரும் "நான் அப்போதே நினைத்தேன்" என்றுதான் சொல்வோம். தாள் பொய் சொல்லாது.

ஜேனிஸ் ஹாலெட்டின் 'தி அப்பீல்' (2021) நாவலை இந்தத் தாள் இல்லாமல் படிக்கவே முடியாது. முழுக் கதையும் மின்னஞ்சல்களும் குறுஞ்செய்திகளும்தான். ஒரு சிற்றூரில் அமெச்சூர் நாடகக் குழு. குழுவை நடத்தும் குடும்பத்தின் பேத்திக்கு மூளையில் கட்டி. சிகிச்சைக்கு நிதி திரட்டுகிறார்கள். அதற்குள் ஒரு கொலை. இரண்டு இளம் வழக்கறிஞர்களிடம் அவர்களுடைய மூத்தவர் கடிதக் கட்டைக் கொடுத்து, படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் என்கிறார். நமக்கும் அதே கட்டு, அதே வேலை. ஒளித்தல் என்பது இதில் எவ்வளவு அழகாக நடக்கிறது! கதை சொல்கிறவர் என்று யாருமே இல்லை. ஒவ்வொருவரும் ஒருவருக்கு ஒருமாதிரியும் இன்னொருவருக்கு வேறுமாதிரியும் எழுதுகிறார்கள், நாம் எல்லோரும் செய்வதைப்போலவே. யார் யாருக்கு எழுதினார்கள் என்பதோடு, யாருடைய கடிதம் கட்டில் இல்லை என்பதையும் தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். இதைக் கைப்பேசியில் படிக்கத் தொடங்கி, தேதிகளுக்காக முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி அலுத்துப்போய், காகிதப் பிரதிக்கு மாறினேன்.

ஃப்ரீடா மெக்ஃபேடனுக்குத் தாளெல்லாம் தேவையில்லை. 2022இல் வந்த 'தி ஹவுஸ்மெய்ட்', சிறையிலிருந்து வெளிவந்த மில்லி என்கிற பெண் பணக்கார வீடொன்றில் வேலைக்குச் சேரும் கதை. பரணை ஒட்டிய சின்ன அறை அவளுக்கு. ஜன்னல் திறக்கவில்லை. கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. அவ்வளவுதான், வாசகருக்கு இதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம். பக்கம் தானாகப் புரளும். எழுதியவர் மூளைக்காயங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர். சொற்களில் அலங்காரம் கிடையாது, அத்தியாயங்கள் நாலைந்து பக்கம். இரண்டாம் முறை படிக்க இதில் எதுவும் இல்லை. ஆனால் ஒளிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒளிக்கக் காரணம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீண்ட ரயில் பயணத்துக்கு வேறென்ன வேண்டும்?

இவருடைய நாவல்களை அடுத்தடுத்துப் படிக்காதீர்கள். எந்தக் கட்டத்தில் கதை கவிழும், யாரை நல்லவர்போல் காட்டுவார் என்கிற கைப்பழக்கம் பிடிபட்டுவிடும். நடுவில் ஒரு மாத இடைவெளி, வேறு எழுத்தாளர் ஒருவர். 2025 கடைசியில் 'தி ஹவுஸ்மெய்ட்' படமாகவும் வந்துவிட்டதால், படிக்கிறவர்கள் முதலில் படித்துவிடுவது உத்தமம். படம் வந்தபின் ஊரே முடிவைப் பேசுகிறது.

இதுவரை சொன்னவையெல்லாம் கெட்டிக்காரத்தனம். கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' வேறு ரகம். ஜப்பானிய மொழியில் 2005இல் வந்து நவோகி பரிசு பெற்றது. ஆங்கிலத்தில் 2011இல் வந்தது. டோக்கியோவில் மதிய உணவுப் பெட்டி விற்கும் கடையில் வேலை பார்க்கிறாள் யசுகோ. மகளோடு தனியாக வாழ்கிறாள். பணம் கேட்டுத் தொல்லை செய்யும் முன்னாள் கணவன் வீட்டுக்கு வருகிறான், கைகலப்பில் இறந்துபோகிறான். யார் கொன்றார்கள், எப்படி, எதற்காக என்பதெல்லாம் நம் கண் முன்னால் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி அழைப்பு மணியை அடிக்கிறார். நாள்தோறும் அவள் கடையில் சாப்பாடு வாங்கிப்போகிற, நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாத மனிதர். சத்தம் கேட்டுப் புரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். உதவுகிறேன் என்கிறார்.

ஒளிக்க ஒன்றுமே மிச்சமில்லையே, இனி என்ன மர்மம் என்று நினைக்கிறோம். போலீஸ் வருகிறது. அன்று மாலை எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிறது. சினிமாவுக்குப் போனோம் என்கிறார்கள், டிக்கெட் துண்டு இருக்கிறது. இஷிகாமியின் பழைய கல்லூரித் தோழரான இயற்பியல் பேராசிரியர் யுகாவா உள்ளே வருகிறார். இஷிகாமி தன் மாணவர்களுக்குத் தேர்வுக் கேள்வி தயாரிக்கும் முறையைப் பற்றி ஓர் இடத்தில் பேச்சு வருகிறது. பார்த்தால் வடிவியல் கணக்குப்போல இருக்கும், உண்மையில் அது வேறு பிரிவுக் கணக்கு. மாணவர்களின் முன்முடிவுதான் அவர்களைக் கவிழ்க்கும் என்கிறார். அந்த ஒரு வரியில் முழு நாவலும் இருக்கிறது. படிக்கும்போது ஆசிரியர் வேலை பற்றிய சாதாரணப் பேச்சாகக் கடந்துபோனேன். திரும்பிப் போய்ப் படித்தபோது அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். விடை தெரிந்தபிறகு கதை சுருங்குவதற்குப் பதிலாகப் பெரிதாகிறது. இஷிகாமி ஒளித்ததற்குக் காரணம் காதல், அல்லது காதல் என்று சொல்லக் கூசுகிற ஏதோ ஒன்று. அதனால்தான் மூன்று வகைக்கும் சேர்த்து எதைப் படிக்கலாம் என்று யார் கேட்டாலும் என் முதல் பதில் இதுவாக இருக்கிறது.

ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' (2020) பற்றி இதற்கு நேர்மாறாகச் சொல்ல வேண்டும். மர்மம் தளர்ச்சி, தற்செயல்கள் அதிகம், பிணங்களும் தேவைக்கு மேல். ஆனால் அந்த மனிதர்களை விட்டு வர மனமில்லை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் முதியோர் குடியிருப்பு ஒன்று. உளவுத்துறையில் இருந்த எலிசபெத், நர்ஸாக இருந்த ஜாய்ஸ், தொழிற்சங்கத் தலைவர் ரான், மனநல மருத்துவர் இப்ராகிம் ஆகியோர் வியாழக்கிழமை தோறும் கூடித் துப்புத் துலங்காத பழைய வழக்குகளை அலசுகிறார்கள். வேறு யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக அறையை 'ஜப்பானிய ஓபரா: ஒரு கலந்துரையாடல்' என்ற பெயரில் பதிவு செய்துவைத்திருக்கிறார்கள். கோவைப் பக்கம் இத்தகைய குடியிருப்புகள் பெருகிவிட்ட இந்நாளில், நம் ஊர்த் தாத்தாக்கள் எந்தப் பெயரில் அறை பிடிப்பார்கள் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன். யாரும் எட்டிப் பார்க்காத தலைப்பு நம்மிடமும் நிறைய இருக்கிறது.

இது ஒரு தொடர் வரிசையின் முதல் புத்தகம். அந்த வரிசையை முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் படிக்க வேண்டும். கொலைகளுக்காக அல்ல. எலிசபெத்தின் கணவர் ஸ்டீபனுக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. போக்டான் என்கிற இளைஞன் அவரோடு சதுரங்கம் ஆட வருகிறான். முதல் புத்தகத்தில் ஓரமாக வருகிற இந்த ஆட்டம் 2023இல் வந்த நான்காம் புத்தகத்தில் என்னவாகிறது என்பதை, முந்தைய மூன்றையும் படிக்காதவர் வெறும் செய்தியாகத்தான் படிப்பார்.

2024இல் வந்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது லிஸ் மூரின் 'தி காட் ஆஃப் தி வுட்ஸ்'. நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைக்காடு, 1975 ஆகஸ்ட். கோடை முகாமில் ஒரு காலை, பார்பரா என்கிற சிறுமியின் படுக்கை காலியாக இருக்கிறது. முகாம் அவள் குடும்பத்தின் நிலத்தில்தான் இருக்கிறது. அவள் பிறப்பதற்கு முன்பு, 1961இல், அவளுடைய அண்ணனும் இதே காட்டில் காணாமல் போயிருக்கிறான். வழி தவறினால் உட்கார்ந்து கத்து என்பது அந்த முகாமில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லித்தரும் விதி. கத்தினால் யார் வருவார்கள், யாருக்காக மட்டும் ஊரே திரண்டு வரும் என்பதுதான் கதை. பணக்காரக் குடும்பம் ஒளிக்கிறது. அவர்களிடம் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், ஆனால் அவர்களை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் வேலை போய்விடும்.

ராஜேஷ்குமார் நாவல்களில் சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகள் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓடிக் கடைசியில் ஒன்றாகும். அதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு 1961க்கும் 1975க்கும் தாவுகிற இந்த அமைப்பு சிரமமே தராது. இரண்டு தடமும் எங்கே சந்திக்கும் என்று கை தானாகக் கணக்குப் போடும். என் கணக்கு இதில் பாதி சரியாக வந்தது. ஆனாலும் நடுவில் நூறு பக்கம் மெதுவாக நகர்கிறது, பொறுமை வேண்டும்.

பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. நான்சி பேர்ல் என்கிற அமெரிக்க நூலகர் சொன்ன கணக்கை நான் கடைப்பிடிக்கிறேன். ஐம்பது பக்கம் படியுங்கள், பிடிக்காவிட்டால் போட்டுவிடுங்கள். வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து, மீதி வருகிற பக்கங்களைப் படித்தால் போதும். எனக்கு இப்போது அந்தக் கழித்தல் சாதகமாகிக்கொண்டே வருகிறது.

காதல் நாவல்களுக்கு வருவோம். மர்ம நாவலைக் கையில் வைத்திருந்தால் அறிவாளி, காதல் நாவலை வைத்திருந்தால் அசடு என்று பார்க்கிற பார்வை அலுவலக வேனில் எனக்குப் பழகிப்போனது. முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிக்கிறீர்கள் என்பார்கள். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கமான ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா, காதல் நாவலுக்கு இரண்டே இலக்கணம் சொல்கிறது: மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவு நிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். ஆக, இருவரும் சேர்வார்கள் என்பது முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். முடிவை ஒளிக்கிற வசதி இல்லாமல் முந்நூறு பக்கம் ஓட்டுவது மர்ம நாவலைவிடக் கடினமான வேலை.

அதில் தோற்பவர்கள் பிடிப்பது ஒரே குறுக்கு வழி: தவறான புரிதல். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடக்கூடியதைப் பேசாமலேயே நூறு பக்கம் இழுப்பார்கள். இதுவும் மர்ம நாவலில் தடயத்தை விழுங்குவதும் ஒன்றுதான். ஆலி ஹேசல்வுட்டின் 'தி லவ் ஹைப்பாதிசிஸ்' (2021) தொடங்கும்போது கலகலப்பாக இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட மாணவி ஆலிவ், பெயர்பெற்ற கோபக்காரப் பேராசிரியர் ஆடமோடு காதலிப்பதாக நடிக்கிறாள். ஆய்வகச் சூழல், நிதிக்கு அலைவது, பெண்கள் அங்கே படும் பாடு எல்லாம் உள்ளே இருந்தவர் எழுதியது தெரிகிறது. ஆசிரியர் நரம்பறிவியல் ஆய்வாளர். ஆனால் தான் வேறு யாரையோ விரும்புவதாக ஆலிவ் ஒரு பொய் சொல்கிறாள். அந்தப் பொய்யின் மேல் எத்தனை அத்தியாயங்கள்! அவனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லம்மா என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எமிலி ஹென்றியின் 'புக் லவர்ஸ்' (2022) அப்படி இழுக்கவில்லை. நகரத்தில் வேலையே கதி என்று இருக்கும் பெண்ணை விட்டுவிட்டு, சிற்றூருக்குப் போன நாயகன் அங்கே ஒரு வெள்ளந்திப் பெண்ணை மணப்பது அமெரிக்கக் காதல் கதைகளின் பழைய சூத்திரம். நோரா, அப்படிக் கைவிடப்படும் அந்த நகரத்துப் பெண். எழுத்தாளர்களின் கைப்பிரதியைப் பதிப்பகங்களிடம் கொண்டுசேர்க்கும் இலக்கிய முகவர், ஒருமுறை அல்ல, பலமுறை கைவிடப்பட்டவள். கர்ப்பமாக இருக்கும் தங்கை வற்புறுத்த, ஒரு மாத விடுமுறைக்கு வட கரோலினாவின் சிற்றூருக்கு வருகிறாள். அங்கே நியூயார்க்கில் அவளுக்கு ஆகாத பதிப்பாசிரியர் சார்லி நிற்கிறான். இருவரும் சேர்ந்து ஒரு நாவலின் கைப்பிரதியைச் செப்பனிட வேண்டியிருக்கிறது. அதில் வரும் ஈரமில்லாத முகவர் தன்னைப் பார்த்து எழுதப்பட்டவள் என்று பக்கம் பக்கமாக நோராவுக்கு உறைக்கிறது. சிரித்துக்கொண்டே படித்துவந்த எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. காதலர்கள் பேசிக்கொள்கிறார்கள், உண்மையைத்தான் பேசுகிறார்கள். தடையாக நிற்பது புரிதல் பிழை அல்ல. அவரவர் குடும்பக் கடமை. அவன் வீட்டுக்கு உதவ ஊர் திரும்பியவன். அவளோ தாயில்லாத தங்கையை வளர்த்தவள். தங்கையும் எதையோ ஒளிக்கிறாள், அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. முடிவு தெரிந்த கதையில் பதற்றம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறவர்களிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகத் தோழிகள் கொடுத்தது கொலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016). அட்டையில் இளஞ்சிவப்பும் பூக்களும். பாதி படித்துவிட்டு ஓடி வந்தாள்.

"அத்தை, காதல் கதை என்றுதானே கொடுத்தார்கள்? இதில் அவன் அடிக்கிறானே."

"அடித்தபிறகு என்ன செய்கிறான்?"

"மன்னிப்புக் கேட்கிறான். அழுகிறான். எனக்கே பாவமாக இருக்கிறது. அதுதான் அத்தை பயமாக இருக்கிறது."

நாவலின் சாமர்த்தியம் முழுவதையும் அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். முதலில் ரைல் என்கிற அந்த மருத்துவரை நமக்குப் பிடிக்கவைத்துவிட்டுத்தான் எழுத்தாளர் அடுத்த கட்டத்துக்குப் போகிறார். ஏன் விட்டுவிட்டு வரவில்லை என்று வெளியிலிருந்து கேட்பது எவ்வளவு எளிது என்பதை நாயகி லில்லியின் பக்கம் நின்று பார்க்கவைக்கிறார். தன் தாயின் வாழ்க்கையிலிருந்து எடுத்ததாக முடிவில் ஆசிரியர் குறிப்பும் உண்டு. நடை சுமார், பதின்வயதில் லில்லி ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளருக்கு எழுதுவதாக வரும் நாட்குறிப்புகள் எனக்குப் பொறுமையைச் சோதித்தன. இருந்தாலும் நம் குடும்ப நாவல்களில் நாயகன் கோபத்தில் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவதைக் காதல் என்றே எண்ணிக் கடந்துபோன தலைமுறை என்னுடையது. அதை அதன் பெயர் சொல்லி அழைக்கிற கதையை இவள் தலைமுறை படிக்கட்டும்.

என் கோபம் அட்டை மேல்தான். குடும்ப வன்முறையைப் பேசும் நாவலுக்கு 2023 தொடக்கத்தில் வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றைக்கூட அறிவித்து, வாசகர்கள் கொதித்தபின் கைவிட்டார்கள். அதனால் இளையவர்களுக்குக் காதல் நாவல் வாங்கும்போது அட்டையை நம்பாதீர்கள். பல நூல்களில் உள்ளடக்க எச்சரிக்கை முதல் பக்கங்களிலேயே இருக்கும், இல்லாவிட்டால் ஆசிரியரின் இணையதளத்தில் கிடைக்கும். முடிவை உடைக்காமல் வன்முறை, பாலியல் காட்சி, மரணம் எந்த அளவு என்பது தெரிந்துவிடும். மர்ம நாவலுக்குப் பின்னட்டையைக்கூடப் படிக்காத நான், காதல் நாவலுக்கு இதைத் தேடிப் படிக்கிறேன்.

இப்போது அண்ணன் மகளுக்கும் எனக்கும் சண்டை கிறிஸ் விட்டகரின் 'ஆல் தி கலர்ஸ் ஆஃப் தி டார்க்' (2024) பற்றி. மிசௌரியில் ஒரு சிற்றூர், 1975. ஒற்றைக் கண் சிறுவன் பேட்ச் ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய்த் தானே கடத்தப்படுகிறான். இருட்டறையில் ஒரு குரல் மட்டும் அவனோடு பேசுகிறது. வெளியே அவன் தோழி செயின்ட், தேனீ வளர்க்கும் சிறுமி, தேடுவதை நிறுத்துவதில்லை. கதை பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. மர்மம், த்ரில்லர், காதல் மூன்றும் ஒரே புத்தகத்தில். தற்செயல்கள் தாங்க முடியவில்லை, அந்தக் குரலின் புதிருக்குக் கிடைத்த விடையைவிடப் புதிரே நன்றாக இருந்தது என்பது என் கட்சி. செயின்ட் ஒருத்திக்காகவே எல்லாவற்றையும் மன்னிக்கலாம் என்பது அவள் கட்சி. முதல் அத்தியாயங்களை மறுபடி படித்துவிட்டுப் பேசு என்று அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டாளாம், அப்போதும் மன்னிக்கலாம் என்கிறாள்.